டோர்ட்முண்டில் ஓர் உத்தரவுப் பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது.

காது குத்து பற்றிக் கேட்டீர்கள், "பார்க்கலாங்கம்மா" என்று போனை வைத்துவிட்டேன். தையில் வர முடியாது. பள்ளி நாளில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போனால் ஜெர்மனியில் அபராதம் போடுவார்கள். கோடை விடுமுறை ஆறு வாரம், அதில் பெரும்பகுதி ஆடி. ஆடியில் குத்தலாம் என்றால் நீங்கள் என்னைக் குத்திவிடுவீர்கள். இந்த வருஷம் ஆவணி பிறந்த பிறகும் இரண்டு வாரம் மிஞ்சுகிறது.

"பிள்ளைக்குச் சாமி கும்பிடத் தெரியுதா?" என்றும் கேட்டீர்கள். பக்கத்தில் ஹாம் நகரில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு ஆனது. தேர், காவடி, கால்வாயில் தீர்த்தம், எல்லாம் உண்டு. கூட்டிப்போனேன். பாப்பா ரோல்ஸ் தின்றதோடு சரி. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க எனக்கு வராது. எனக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சென்னிமலையின் 1320 படியையும் எண்ணிக்கொண்டே ஏறச் சொன்னார் அப்பாரு, அவ்வளவுதான். பாதியில் எண்ணிக்கை தவறிவிடும், அவருக்கும்.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்வீர்களே, அதை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "அது என்ன பெட்டி?" என்றாள். ஆண்டவர் யாரோ ஒருவர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார், சாமி முன் பூ கேட்டு, உத்தரவானால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள், அடுத்தவர் கனவில் சொல்லும் வரை அதுதான் இருக்கும் என்றேன். மறுநாளே ஷூ பெட்டியில் சன்னல் வெட்டி, பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். வெள்ளையும் சிவப்புமாக இரண்டு காகிதத்தை மடித்துப் போட்டு என்னை எடுக்கச் சொன்னாள். வெள்ளை வந்தது, உத்தரவாகிவிட்டது. உள்ளே போனது உருளைக்கிழங்கு.

பெட்டிக்குள் போன பொருளின் விலை மாறும் என்பார்களே, கிழங்கு ஏறுமா, இறங்குமா என்று உங்கள் மருமகள் சிரிக்கிறாள். பத்து நாளாகிக் கிழங்கு முளைவிட்டுவிட்டது. எடுத்துவிடலாம் என்றால், "இன்னும் யாருக்கும் கனவு வரலையே" என்கிறாள் பாப்பா. தினமும் காலையில் பல் துலக்கும் முன்பே விசாரணை. எனக்குக் கனவில் ஆபீஸ்தான் வருகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆவணி முகூர்த்தத்துக்குக் குலதெய்வக் கோயில் பண்டாரத்திடம் சொல்லிப் பூ கேட்டுவிடுங்கள். மாமன் மடி வேண்டுமே, மச்சானும் லீவு போட வேண்டும்.

உங்களுக்கு ஏதாவது கனவு வந்தால் உடனே போன் பண்ணுங்கம்மா. கிழங்கு நாற ஆரம்பித்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் மகன்