காற்று ஓய்ந்த மறுநாளும் மைதானம் ஏன் மூடியிருக்கிறது?

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

"தூசிக்காற்று நேற்றே நின்றுவிட்டது, வானமும் தெளிந்துவிட்டது. பிறகும் ஏன் பிள்ளைகளை விளையாட விடவில்லை?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

இங்கே குவைத்தில் கோடைத் தூசி பெரிதும் தெற்கு இராக்கின் வறண்ட சமவெளியிலிருந்தும் வற்றிய சதுப்பு நிலங்களிலிருந்தும் ஷமால் என்னும் வடமேற்குக் காற்றோடு வருகிறது. பல்லில் நறநறக்கும் மணல் கனமானது, சீக்கிரம் படிந்துவிடும். 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய தூசி, அதாவது பிஎம்2.5, தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. அது நாள்கணக்கில் மிதக்கும், நுரையீரலின் அடிவரை போகும். உலக சுகாதார நிறுவனம் 24 மணி நேரச் சராசரியாகச் சொல்லும் வரம்பு, பிஎம்10-க்கு (10 மைக்ரானும் அதற்குச் சிறியதுமான தூசி) ஒரு கனமீட்டர் காற்றில் 45 மைக்ரோகிராம், பிஎம்2.5-க்கு 15. புயலன்று பிஎம்10 ஆயிரத்தைத் தாண்டுவதுண்டு. அது 150-க்குக் கீழே இறங்கும்வரை, வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் மைதானம் திறக்காது.

பையில் நுண்தூசியை வடிகட்டும் என்95 முகக்கவசம் இரண்டு இருக்கட்டும், சிறுவர் அளவில். துணிக் கவசம் மணலை மட்டுமே நிறுத்தும். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திவிட்டு, மூச்சை வேகமாக விடச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி பனித்தால் மேல் விளிம்பில் இடைவெளி இருக்கிறது. சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள். நுண்தூசியை இழுத்துப் பிடிக்கும் மின்னேற்றம் போய்விடும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் நீல இன்ஹேலர் ஒன்று, ஸ்பேசரோடு (மருந்தை நிதானமாக உள்ளிழுக்க இன்ஹேலரில் மாட்டும் குழல்), வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும். குலுக்கிப் பார்த்து "இன்னும் இருக்கிறது" என்று நம்ப வேண்டாம். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளிருக்கும் வாயு பீய்ச்சும். எத்தனை முறை மீதி என்று காட்டும் எண்காட்டியைப் பாருங்கள், காலாவதித் தேதியையும்.

வீட்டில் துடைப்பத்தை எடுக்காதீர்கள், படிந்தது மறுபடி எழும். ஈரத்துணியால் துடையுங்கள், ஏசி வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். காரில் வெளிக்காற்று வரும் வழியை அடைத்துவிட்டு ஏசி போடுங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இதைப் பற்றி நிறையவே பேசுவார்கள், இப்போது பாடமே இதுதான். தூசி பகலில் வெயிலை மறித்துத் தரையைச் சற்றுக் குளிர்விக்கிறது, இரவில் தரையின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடிக்கிறது. அரபிக்கடலுக்கு மேலே அதுவே வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்க, ஈரக்காற்று கூடுதலாக இந்தியாவுக்குள் இழுபடுகிறது. ஒரு வாரத்துக்குள் மத்திய இந்தியாவில் மழை கூடுவதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நமக்கு இருமலைத் தரும் தூசி அங்கே மழைக்கு உதவுகிறது!

இன்ஹேலர், ஸ்பேசர் இரண்டையும் பிள்ளையின் பெயர் எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்