கணினிப் பாடம் களியக்காவிளையோடு நின்றுவிட வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரை ஒன்று, ஆர்வமும் விடாமுயற்சியும் இருந்தால் எந்த மாணவரும் மென்பொருள் துறையில் வேலை பெற்றுவிடலாம் என்று கூறியிருந்தது. ஆர்வத்தையும் உழைப்பையும் யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளை கணினி நிரல் (புரோகிராம்) எழுதும் வேலைக்குப் போவதும் போகாமலிருப்பதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளையைக் கேட்காமல் பிறர் எடுக்கும் முடிவுகளாலேயே அமைகிறது. அம்முடிவுகளுள் முதன்மையான ஒன்றை, அதாவது பள்ளியில் கணினியை மதிப்பெண்ணுள்ள தனிப் பாடமாக்குவதை, நம் மாநிலம் இன்னும் முழுமையாக எடுக்கவில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் எங்களுடையது, விழுக்காடு 91.75. இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள், இது மண்ணின் ராசியால் வந்தது என்பதுபோல் பேசுவதுண்டு. மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1809இல் பள்ளி தொடங்கியதும், கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817இல், அன்று இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூரின் ராணி கௌரி பார்வதிபாய் ஆணையிட்டதும், மிஷனரி மீட் ஐயர் நாகர்கோவிலில் பள்ளியும் அச்சகமும் நடத்தியதும், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1859ஆம் ஆண்டுப் பிரகடனம்வரை நடந்ததும் எல்லாம் சேர்ந்துதான் இன்றைய இந்த எண்ணிக்கை. யார் படிக்கலாம், எதைப் படிக்கலாம் என்பதை இங்கே எப்போதும் போராட்டமும் அரசாணையும்தான் தீர்மானித்திருக்கின்றன. கணினிக் கல்வி மட்டும் அதற்கு விலக்காக இருக்கும் என்று எண்ணுவதற்கு நியாயம் இல்லை.

தமிழ்நாட்டு எல்லையில் உள்ள களியக்காவிளையிலிருந்து கேரளத்துப் பாறசாலைக்குப் பேருந்தில் சென்றால் சில நிமிடங்கள்தான். 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே மாநிலத்தில் இருந்த ஊர்கள். இன்றைக்கும் பெண் கொடுத்து, பெண் எடுத்து வாழ்கிற குடும்பங்கள் எல்லையின் இருபுறமும் உண்டு. அந்தக் குடும்பங்களில் ஒரே வயதுள்ள இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். அக்கரையில் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குத் தகவல் தொழில்நுட்பம் ஒரு தனிப் பாடம்; அதற்குத் தனிப் பாடநூல் உண்டு, கணினியின் முன் அமர்ந்து எழுதும் செய்முறைத் தேர்வு உண்டு, அதன் மதிப்பெண் எஸ்எஸ்எல்சி முடிவில் சேரும். பைத்தான் என்ற நிரல் மொழியில் சிறு நிரல்கள் எழுதுவதும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் படம் வரைவதும் அங்கே பள்ளிப் பாடத்தின் பகுதி. இக்கரையில் அதே வகுப்பில் படிக்கும் பிள்ளைக்குக் கணினி என்பது அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம். காட்சித் தொடர்பு என்ற தலைப்பில் ஸ்கிராட்ச் என்ற சிறுவர்க்கான நிரல் மொழியைப் பற்றிச் சில பக்கங்கள் இருக்கின்றன; அத்தோடு சரி.

கேரளத்தில் இது தானாக நிகழவில்லை. 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' என்ற அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் எட்டு முதல் பத்து வரையிலான வகுப்புகளில் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடமாயிற்று. அதே 2001இல்தான் எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருளை வளர்க்கும் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. பள்ளிக் கணினிகளில் எந்த மென்பொருள் இருக்க வேண்டும் என்பது அங்கே அரசியல் மேடைகளில் விவாதிக்கப்பட்ட பொருளாயிற்று. உரிமக் கட்டணம் வாங்கும் மென்பொருளை விலக்கி, கட்டற்ற இயங்குதளமான லினக்ஸை ஏற்றார்கள். 2017இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. ஆட்சிகள் மாறின, கூட்டணிகள் மாறின, பாடம் நின்றுவிடவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே இந்தப் பாடத்தை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் தனியாக நியமிக்கப்பட்ட கணினி ஆசிரியர்கள் அல்லர்; கணிதமும் மலையாளமும் சமூக அறிவியலும் கற்பிப்பவர்களே பயிற்சி பெற்று நடத்துகிறார்கள். ஆகவே பணமில்லை, பணியிடம் இல்லை என்ற விடை மட்டும் போதாது.

நம் பள்ளிகளில் கணினிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. நல்ல கணினிகள், இணைய வசதி, திரை எல்லாம் இருக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து நிரலாக்கத்தையும் செயற்கை நுண்ணறிவையும் அறிமுகப்படுத்தும் 'டிஎன் ஸ்பார்க்' திட்டமும் வரவேற்கத்தக்கதே. ஆனால் பள்ளிக்குள் இருந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும்: மதிப்பெண் இல்லாத பாடம் கால அட்டவணையில் எழுத்தாக மட்டுமே நிற்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்பின் கணினிப் பாடவேளையைக் கணிதமோ ஆங்கிலமோ எடுத்துக்கொள்ளும். ஆய்வகத்தின் சாவி தலைமையாசிரியர் அறை ஆணியில் தொங்கும். இணையவழி வினாடி வினாவுக்கும் கற்றல் மதிப்பீட்டுத் தேர்வுக்கும் கதவு திறக்கும், மற்ற நாள்களில் கணினிகளின்மேல் தூசு படியாமல் துணி போர்த்தியிருக்கும். இதில் ஆசிரியர்களைக் குறை கூறிப் பயனில்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்கப்படுவது தேர்ச்சி விழுக்காடு. எத்தனை பிள்ளைகள் சொந்தமாக ஒரு நிரல் எழுதினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பிள்ளைக்குக் கணினி அறிவியல் முதன்முதலாக முழுப் பாடமாகக் கிடைப்பது பதினோராம் வகுப்பில், அதுவும் அந்தப் பிரிவை எடுத்தால் மட்டுமே. 2018க்குப் பின் வந்த புதிய பாடநூல்கள் தரமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று தமிழ்வழியிலும் ஆங்கிலவழியிலும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் பொறியியல் கலந்தாய்வில் கட்ஆஃப் கணக்கிடும்போது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200 மதிப்பெண். கணினி அறிவியலுக்கு அதில் இடமே இல்லை. இரண்டு ஆண்டுகள் நிரலாக்கம் படித்து முழு மதிப்பெண் வாங்கிய மாணவிக்கும், கணினியைத் தொட்டே பார்க்காத உயிரியல் பிரிவு மாணவிக்கும், கணினிப் பொறியியல் இடம் கேட்டு நிற்கும் வரிசையில் வேறுபாடு கிடையாது. இதைக் கணக்கிட்டுத்தான் பெற்றோர் முடிவெடுக்கிறார்கள். பதினோராம் வகுப்புச் சேர்க்கை நாளில் விளவங்கோட்டுப் பக்கத்துத் தகப்பன்மார் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "பயாலஜி எடுக்கட்டும் சாரே, டாக்டர் கிடைக்கலேன்னாலும் நர்சிங்குக்காவது போகலாம்லா." அவர்கள் கணக்கில் பிழை சொல்ல முடியாது. செவிலியராகப் போன பிள்ளைகளால் வீடு கட்டிய குடும்பங்களை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நிரல் எழுதிப் பிழைக்கும் ஒருவரைத் தங்கள் தெருவில் அவர்கள் பார்த்ததில்லை.

வீட்டு வழக்கம் அழுத்தமாகத் தெரிவது பெண்பிள்ளைகள் விஷயத்தில். இந்த மாவட்டத்தில் பெண்களைப் படிக்கவைக்க யாரும் தயங்குவதில்லை. வகுப்பில் முதல் வரிசையில் இருப்பவர்களும் அவர்களே. தயக்கம் படிப்பு முடிந்த பிறகு தொடங்குகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்ததும், "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரத்துல விட்டுட்டு நாங்க எப்படி ஒறங்குவோம்?" என்ற கேள்வி வரும். இரவுப் பணி என்றால் பேச்சே முடிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்தாலும், கல்யாணப் பேச்சு தொடங்கியதும் மாப்பிள்ளையின் ஊரைப் பொறுத்து வேலை மாறும், அல்லது நின்றுபோகும். அதே கல்லூரியில் படித்த பையனுக்கோ மென்பொருள் வேலை கிடைத்ததும் ஸ்ரீதனத் தொகை ஏறும். ஒரே பட்டம் வீட்டு வாசலில் இரண்டு விதமாக மதிப்பிடப்படுகிறது. இதற்கு அரசு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். வேலையை வீட்டுக்கு அருகே கொண்டுவந்தால் இந்தக் கேள்விகளில் பாதி எழாது என்பதே என் விடை.

அதற்கான சான்று அருகிலேயே இருக்கிறது. 1990இல் கேரள அரசு திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவைத் தொடங்கியது. நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான். இரணியல், குழித்துறை நிலையங்களில் காலை ரயிலுக்கு நிற்கும் இளைஞர்களைப் பார்த்தால், மற்றொரு மாநிலம் அன்று எடுத்த முடிவினால் நம் மாவட்டத்துப் பெண்கள் எத்தனை பேர் மாலையில் வீடு திரும்பும் வேலையில் இருக்கிறார்கள் என்பது விளங்கும். தமிழ்நாடும் பின்தங்கிவிடவில்லை: 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி, 1997இல் தகவல் தொழில்நுட்பக் கொள்கை, 2000இல் சென்னைத் தரமணியில் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா என்று வரிசையாக நடந்தது. ஆனால் கல்லூரிகள் மாவட்டந்தோறும் வந்தன, வேலைகள் தரமணியைச் சுற்றியே குவிந்தன. 2024இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய ஊர்களில் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டது சரியான திசை. எழுத்தறிவில் முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் அந்த ஆண்டின் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்தவர்கள் கவனித்திருப்பார்கள்.

அரசியல் என்றால் சென்னையும் திருவனந்தபுரமும் மட்டும் என்றும் எண்ண வேண்டியதில்லை. அமெரிக்கா 1990இல் இயற்றிய குடியேற்றச் சட்டம் வெளிநாட்டு வல்லுநர்களுக்கான எச்1பி வேலை விசாவை உருவாக்கியது. அதை நம்பியே ஒரு தலைமுறைப் பெற்றோர் இங்கே நிலத்தை அடகு வைத்துக் கல்விக்கடன் வாங்கினார்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அந்நாட்டு அதிபர் அறிவித்தபோது, அதன் அதிர்வு மார்த்தாண்டத்து வீடுகள்வரை எட்டியது. வெளிநாட்டுக் கதவு திறப்பதும் மூடுவதும் நம் கையில் இல்லை. உள்ளூர்ப் பள்ளியின் ஆய்வகக் கதவு நம் கையில் இருக்கிறது.

மொழியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளை நிரலாக்கத்தில் தடுமாறுவது தர்க்கத்தில் அன்று. பைத்தானில் மனப்பாடம் செய்ய வேண்டிய சிறப்புச் சொற்கள் 35 மட்டுமே. தடுமாற்றம், நிரலில் தவறு நேர்ந்தால் கணினி ஆங்கிலத்தில் காட்டும் பிழைச் செய்தியை வாசிப்பதிலும், விளக்கக் குறிப்புகளைப் புரிந்துகொள்வதிலும், வளாக நேர்காணலில் வாய் திறப்பதிலும் வருகிறது. இதற்குக் கல்லூரியின் இறுதியாண்டில் சில வாரம் 'கம்யூனிகேஷன்' பயிற்சி கொடுப்பது காலங்கடந்த மருந்து. எட்டாம் வகுப்பில் தமிழில் விளக்கம் கேட்டுக்கொண்டே ஆங்கிலப் பிழைச் செய்தியைப் படித்துத் திருத்திப் பழகிய பிள்ளைக்கு அந்த அச்சம் பதினெட்டு வயதில் இருக்காது. தமிழில் விளக்கம் தரும் முயற்சிகள் இல்லாமலும் இல்லை. 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எளிய தமிழில் எழுதிவருகிறது. அத்தகைய பொருள்களைப் பள்ளிக்குள் கொண்டுவரத் தனி அரசாணைகூடத் தேவையிராது.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியிடப்பட்டதை அடுத்துப் பாடத்திட்டத்தைத் திருத்துவது பற்றிப் பேச்சு நடக்கிறது. இந்தச் சமயத்தில் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு முதல் பத்து வரை கணினியை அறிவியலின் வாலாக வைக்காமல் தனிப் பாடமாக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் அதற்குச் செய்முறைத் தேர்வு நடத்தி, மதிப்பெண்ணைச் சான்றிதழில் சேர்க்க வேண்டும். பி.எட். முடித்த கணினி அறிவியல் பட்டதாரிகள் வேலைக்காகக் காத்திருக்கையில் அவர்களை நியமிப்பதே முறை; அது தாமதமாகும் என்றால், பணியில் இருப்பவர்களுக்கு முறையான பயிற்சி அளித்தாவது தொடங்கலாம். பொறியியல் கலந்தாய்வில் கணினிப் பிரிவு இடங்களுக்காவது மேல்நிலைக் கணினி அறிவியல் மதிப்பெண்ணுக்கு ஓரளவு எடை தர முடியுமா என்பதையும் ஆராய வேண்டும். உயிரியல் படித்தவர்களுக்கு அநீதி வராமல் அதை எப்படி அமைப்பது என்பது சிக்கலான கேள்வி என்பதை அறிவேன். அதனாலேயே அதை வல்லுநர் குழுவிடம் விட வேண்டும் என்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தேர்வு முடிவுகள் வரும்போது மாவட்டவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை முதல் பக்கத்தில் வெளியிடுகிறீர்கள். அடுத்த முறை தங்கள் நிருபர்களை விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பி, ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்கு வாரத்தில் எத்தனை கணினிப் பாடவேளைகள் ஒதுக்கப்பட்டுள்ளன, அவற்றில் எத்தனை உண்மையில் ஆய்வகத்தில் நடந்தன என்பதையும் கேட்டு, பள்ளிவாரியாக அச்சிட வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.