ஸ்டேயா, லிவ்வா?

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

திட்ட வேண்டியதை எல்லாம் முதலில் திட்டி முடித்துவிடு. எட்டு மாதம் வாய் திறக்காமல் இருந்ததற்கு என்னிடம் நல்ல சாக்கு எதுவும் இல்லை. இங்கே எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவன் என்னைவிட உயரமாகிவிட்டான். பெரியவளுக்குப் பரீட்சை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ‘ஐ ஸ்டே இன் தென்காசி’ என்று எழுதிய பையனுக்கு நீ சுழித்துவிட்டாய், அவன் அம்மா டியூஷன் வாசலில் வந்து சண்டை போட்டாள், தீர்ப்பு நான் சொல்ல வேண்டும். நல்ல ஆளைப் பிடித்தாய், போ! கொக்கு சார் இருந்தால் ஸ்கேலைத் தூக்கியிருப்பார். “ஸ்டே என்றால் நாலு நாள், லிவ் என்றால் நாலு தலைமுறை.” அதைத் திருப்பிச் சொல்லத் தெரியாமல் நீ பெஞ்சு மேல் நின்றது எனக்கு மறக்கவில்லை.

புத்தகக் கணக்குப்படி நீ போட்ட சுழி சரி. லாட்ஜில் தங்கினால், சித்தி வீட்டுக்கு லீவுக்குப் போனால் ஸ்டே. குடியிருந்தால் லிவ். ஆனால் அந்தச் சுழியை இந்த ஊரில் போட்டால் ஊரே ஃபெயில். நாங்கள் வந்த வாரம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “வேர் யூ ஸ்டேயிங் பிஃபோர்?” என்றார். நான் முந்தின வாரம் தங்கிய விடுதியின் பெயரைச் சொன்னேன். “நோ மை கேர்ள், இந்தியாவில் எங்கே ஸ்டே?” என்று சிரித்தார். இங்கே யாரும் லிவ் பண்ணுவதில்லை மல்லிகா. பிறந்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்து, எல்லாம் ஸ்டேதான்.

ஏன் இப்படி என்று எனக்கு நாலைந்து வருஷம் அரித்துக்கொண்டிருந்தது. இங்கே பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘பிளை’ என்று ஒரே சொல்தான், தங்குவதற்கும் அதுவே, குடியிருப்பதற்கும் அதுவே. அங்கிருந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் போன மாதம் வேறொன்று நடந்தது. கோயிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன் என்று சொன்னேனே, அங்கே பலகையில் ‘இரு’ என்று எழுதி, கீழே இருக்கை, இருப்பிடம் என்று எழுதினேன். உட்காருவதும் இருதான், குடியிருப்பதும் இருதான், ‘கொஞ்சம் இரு, வருகிறேன்’ என்பதும் அதேதான் என்றேன். நமக்கு இது புதிதா? ஆனால் அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது இங்கிலீஷ், தமிழ் அவர்களுக்குப் பாடம். பின் வரிசையில் ஒரு பத்து வயதுப் பெண், சடையைக் கடித்துக்கொண்டே, “சேம் லைக் ஹ்லாலா, மேம்” என்றாள்.

ஹ்லாலா ஜூலுச் சொல், இந்த மண்ணின் மக்களுடைய மொழி. பள்ளியில் படிக்கிறாள். ‘ஹ்லாலா பான்சி’ என்றால் கீழே உட்கார். ‘உஹ்லாலா குபி’ என்றால் எங்கே குடியிருக்கிறாய். உட்காரவும் குடியிருக்கவும் ஒரே வினை! சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். தமிழில் ‘இரு’ சொன்ன பாட்டன்கள், ‘பிளை’ சொன்னவர்கள், ‘ஹ்லாலா’ சொன்னவர்கள், எல்லோரும் இங்கிலீஷுக்கு வந்தபோது ‘ஸ்டே’யைத்தான் கைக்கு வாகாகக் கண்டிருப்பார்கள் போல. நம் ஊரிலும் ‘அடையாறில் ஸ்டே பண்றேன்’ என்று சொந்த வீட்டுக்காரனே சொல்வதில்லையா? அந்தப் பையனுக்கு அரை மார்க்காவது போடு.

பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டே அவேக் என்றால் விழித்திரு, ஸ்டே கொயட் என்றால் சும்மா இரு. நம் ‘இரு’ போய் ஒட்டும் இடத்திலெல்லாம் அது ஒட்டுகிறது. ஆனால் வேரைத் தோண்டினால் அது உட்காரும் சொல் அல்ல, நிற்கும் சொல். லத்தீனில் ‘ஸ்தாரே’, நில். கோர்ட் ஸ்டேயில் அந்த நிறுத்தல் அப்படியே இருக்கிறது. உன் பெரியப்பா வாய்க்கால் கேஸில் ஸ்டே வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறதே, அதற்கு மேல் உனக்கு உதாரணம் வேண்டுமா?

ஆன்ட்டி கதைக்கு வருகிறேன். அவருக்கு எண்பதுக்கு மேல். பிறந்தது இதே டர்பனில் கேட்டோ மேனர் என்ற பகுதியில், அப்பாவுக்குக் காய்கறித் தோட்டம். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று 1950இல் வந்த குழு வாழிடச் சட்டத்தை வைத்து அந்தப் பக்கத்து இந்தியர்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து விட்டார்கள். லாரியில் ஏறும்போது ஒரு கறிவேப்பிலைக் கன்றைச் சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டாராம். காலி செய்த நிலம் பல வருஷம் புதர் மண்டிக் கிடந்ததாம். “யாரும் ஸ்டே பண்ணல, எங்களையும் பண்ண விடல” என்றார், பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே.

அதற்கு முந்தைய கணக்கு இன்னும் மோசம். 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே வந்தது. கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம். கொக்கு சார் பாஷையில் அசல் ஸ்டே. முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மேல் 1895இல் ஒரு சட்டம் போட்டார்கள்: மறுபடி ஒப்பந்தத்தில் சேர், இல்லையென்றால் வருஷத்துக்கு மூன்று பவுண்டு கட்டு. இருப்பதற்கு வரி, மல்லிகா! 1913 போராட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம், நாம் ஐந்தாம் வகுப்பில் படம் வெட்டி ஒட்டிய தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போன போராட்டம். 1914இல் அந்த வரி ஒழிந்தது.

சரி, இவ்வளவு சுற்றியதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வேலையை இன்னும் மூன்று வருஷம் நீட்டித்துவிட்டார்கள். வீட்டு ஓனர் இந்த வீட்டை விற்கிறாராம். நாமே வாங்கிவிடலாம் என்கிறார் இவர். பிள்ளைகள் குதிக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பீரோ மேல் இருக்கும் பெரிய பெட்டியில் வந்த அன்று ஒட்டிய விமானச் சீட்டைக்கூட நான் இன்னும் கிழிக்கவில்லை. ஆன்ட்டி தன் மரத்தடியிலிருந்து பிடுங்கிக் கொடுத்த கன்றும் எங்கள் வீட்டில் பெயின்ட் டப்பாவிலேயே நிற்கிறது. தரையில் வை என்று வாரம் ஒருமுறை திட்டு வாங்குகிறேன். நேற்று டப்பாவைத் தூக்கப் போனால் வரவில்லை. அடி ஓட்டை வழியாக வேர் தரைக்குள் போயிருக்கிறது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. அடுத்த தையில் வந்துவிடுவேன் என்று ஒவ்வொரு தைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நானே நேரில் வந்து சொல்கிறேன், அதுவரை நீ வாயைத் திறக்காதே. துருவித் துருவிக் கேட்டால், பானு அங்கே ஸ்டே பண்ணியிருக்கிறாள் என்று மட்டும் சொல். கொக்கு சார் கணக்கில் நாலு நாள்தானே.

உன்
பானு