செயலாளர் ஆண்டறிக்கை, இளைஞர் மன்றம், சுங்கை சிப்புட்

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா வழக்கம்போல் தமிழ்ப்பள்ளித் திடலில் நடந்தது. தீபாவளிக்குத் தோட்டத்து முதியவர்களுக்கு அன்பளிப்பு கொடுத்தோம். கூட்டுப்பணியில் இடுகாட்டுப் பாதை துப்புரவானது. காற்பந்துப் போட்டி மழையால் தள்ளிப்போய், கடைசியில் நடக்கவே இல்லை.

சனிக்கிழமை மின்னணு வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "பிள்ளைகள் விளையாட மன்றத்துக் காசா?" என்று செயலவையிலேயே கேட்டார்கள். அதற்குப் பதில் பதிவில் இருக்கட்டும்.

உறுப்பினர் ஒருவரின் செம்பனை நாற்றுப்பண்ணையில் தண்ணீர்த் தொட்டிக்கு, நிரம்பியதும் பம்பை நிறுத்திக் குறுஞ்செய்தி அனுப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்வதுதான் வேலை. முதலில் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினி போர்டில் செய்தோம். அதில் இருக்கும் ராம், அதாவது வேலை நினைவகம், 2 கிலோபைட்தான். நாங்கள் எழுதிய நிரலில் எல்லா வேலைகளும் ஒரே சுற்றில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. மோடம் குறுஞ்செய்தி அனுப்பி முடிக்கும்வரை நிரல் அங்கேயே நிற்கும். அதற்குள் தொட்டி நிரம்பி வழிந்து, கன்றுப் பைகளுக்கு நடுவே செம்மண் சேறாகிவிடும். அப்புறம்தான் இன்னும் திறன் கூடிய ஈஎஸ்பி32 போர்டுக்கும், ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இலவச நிகழ்நேர இயங்குதளத்துக்கும் (அவசர வேலையை உரிய நேரத்தில் முடிக்க வைக்கும் மென்பொருள்) மாறினோம். இதில் ஒவ்வொரு வேலையும் தனித்தனி டாஸ்க். முன்னுரிமையில் நீர்மட்டம் பார்ப்பதற்கு முதல் இடம், குறுஞ்செய்திக்கு நடு இடம், திரையில் எண் காட்டுவதற்குக் கடைசி இடம் கொடுத்தோம். மேலிடத்து டாஸ்க் எழுந்தால் கீழிடத்து டாஸ்க் அந்த நொடியே வழிவிட வேண்டும்.

அப்படியும் எப்போதாவது பம்பு நிற்கத் தாமதமானது. படிவம் நான்கு மாணவி ஒருத்தி விடாமல் உட்கார்ந்து காரணத்தைப் பிடித்தாள். மூன்று டாஸ்க்குகளையும் செயலியின் ஒரே கோரில், அதாவது ஒரே கணிப்புப் பகுதியில், கட்டியிருந்தோம். திரைக்கும் நீர்மட்ட சென்சாருக்கும் பொதுவான கம்பியை, ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்கை மட்டும் பயன்படுத்த விடும் பூட்டான ஒரு பைனரி செமஃபோர் காத்தது. திரை டாஸ்க் அதைப் பிடித்திருக்கும்போது குறுஞ்செய்தி டாஸ்க் உள்ளே புகுந்து, மோடத்தின் பதிலுக்காகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி இடத்தில் இருப்பவன் பூட்டை விடவில்லை, முதல் இடத்தில் இருப்பவன் காத்துக் கிடந்தான். செமஃபோரை எடுத்துவிட்டு மியூடெக்ஸ் என்ற இன்னொரு வகைப் பூட்டைப் போட்டோம். பூட்டு வைத்திருப்பவனுக்கு, காத்திருப்பவனின் முன்னுரிமையை மியூடெக்ஸ் தற்காலிகமாக ஏற்றிக் கொடுக்கும். பைனரி செமஃபோரில் அந்த வசதி கிடையாது. 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் அடிக்கடி தானாக ரீசெட் ஆனதற்கும் இதே வகைக் கோளாறுதான் காரணம். அதைப் பூமியிலிருந்தே சரிசெய்தார்கள். நம் தோட்டத்துப் பிள்ளை அதே கோளாறைக் கண்டுபிடித்ததில் எனக்கு மிகுந்த பெருமை.

"இனாமாகக் கிடைப்பது எப்படி உருப்படியாக இருக்கும்?" என்றும் கேட்டார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸை 2003-இல் ரிச்சர்ட் பேரி வெளியிட்டார். 2017 முதல் அமேசான் பராமரிக்கிறது. எம்ஐடி என்ற தாராளமான மென்பொருள் உரிமம் என்பதால் நாம் செய்யும் பெட்டியை விற்கலாம், யாருக்கும் ஒரு சென் கட்ட வேண்டாம், பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் எடுக்காமல் வைத்தால் போதும். இப்படிப்பட்ட இலவச இயங்குதளம் இது ஒன்றே ஒன்று என்றும் இல்லை. 2016-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் தொடங்கிய ஸெஃபிர் இருக்கிறது, 2007-இல் கிரிகோரி நட் வெளியிட்ட நட்எக்ஸ் இருக்கிறது. ஸெஃபிரில் வசதி அதிகம், கற்கப் பிடிக்கும் காலமும் அதிகம். ஆகவே ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் கை பழகட்டும் என்பது என் முடிவு. ஆயத்தப் பெட்டி வாங்கியிருந்தால் பிள்ளைகளுக்கு சுவிட்ச் போடத்தான் தெரிந்திருக்கும். மூலநிரல் கையில் இருந்ததால் உள்ளே போய்ப் பார்த்தார்கள்.

வருகையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்) கட்டைவிரல் காட்டுகிறவர்கள் சனிக்கிழமை மண்டபத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. செலவைக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர்கூடப் பெட்டி ஓடுவதை வந்து பார்க்கவில்லை. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இன்னும் சந்தா கட்டவில்லை. வீட்டு வாசலில் போய் நின்றாலும் "அடுத்த மாசம் பார்க்கலாம் தம்பி" என்பதுதான் பதில். போர்டும், பம்பை இயக்கும் ரிலே சுவிட்சும் வாங்கியதில் பெரும்பகுதி சில நல்லவர்கள் கைப்பணம்.

கணக்கில் வரவும் செலவும் ஏறத்தாழ சமம், சிறு தொகை மீதம். விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். மண்டபம் தந்த ஆலய நிர்வாகத்துக்கும், தேநீர் கொடுத்த மகளிர் பிரிவுக்கும், உட்கணக்காய்வாளர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வகுப்பு தொடருமா என்று கேட்டால், இன்றைய நிலையில் என்னால் உறுதி சொல்ல முடியாது. இருக்கும் மடிக்கணினியில் ஒன்று திறப்பதற்கே நேரம் எடுக்கிறது. பினாங்கு பாயான் லெப்பாஸ் ஆலைகளில் பொறியியல் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வார இறுதியில் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை வந்தால் என் சுமை பாதியாகும். பழைய மடிக்கணினி வீட்டில் சும்மா இருந்தால் கொடுத்து உதவுங்கள். சந்தா பாக்கியை இன்றே பொருளாளரிடம் கட்டலாம், ரசீதுப் புத்தகம் அவர் கையில் இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்