பெரிய ஆச்சியின் படம்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. மருமகள் அதைப் பத்திரமாக சாமி அலமாரியில் எடுத்து வைத்திருந்தாள். மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் குளக்கரை வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். தங்கச்சி கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் என்னோடு பம்பாய் வரை வந்தது. பாதியை ரயிலில் எதிர் சீட்டுக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டேன், அவ்வளவு ஆசையாகக் கேட்டார்கள். அவளிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

ஸ்டூடியோவை இப்போது முழுக்க மகனே பார்த்துக்கொள்கிறான். நாற்பது வருஷம் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தையே எடுத்தாயிற்று, ஒரு தடவையாவது எனக்கென்று எடுக்க வேண்டும் என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இந்தத் தடவை கிளம்பிவிட்டேன். இருபத்து நாலு நாள். கொச்சி, பம்பாய், கல்கத்தா. (மும்பை, கொல்கத்தா என்றுதான் சொல்ல வேண்டும். நம் வாயில் பழைய பெயர்தானே வருகிறது.) கொண்டுபோனது நம் யாஷிகா மேட் கேமரா ஒன்றுதான். நீ 1981-ல் ஷட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயே, அதே பெட்டி. ரோலுக்குப் பன்னிரண்டு படம், கையில் இருபது ரோல். இப்போது ரோல் விற்கிற விலைக்கு ஒவ்வொரு படத்தையும் எண்ணித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அது நல்லதாகவே போயிற்று.

தெரியாத ஊர்ச் சந்தையில் கேமராவைக் கண்ணுக்கு நேரே தூக்கினால் எதிரில் இருப்பவர் விறைத்துப்போகிறார். யாஷிகாவில் நாம் தலையைக் குனிந்து மேலே இருக்கிற கண்ணாடியைத்தானே பார்க்கிறோம்? குனிந்து நிற்கிறவனைப் பார்த்து யாரும் கோபப்படுவதில்லை. ஆனால் அதில் இடது வலது மாறித் தெரிவதால் ஓடுகிற ஆளைப் பின்தொடர முடியாது. அதனால் வெளிச்சம் நன்றாக விழுகிற ஒரு இடத்தைப் பிடித்து, டீ வாங்கிக் குடித்துவிட்டு, ஆள் அந்த வெளிச்சத்துக்குள் வரும்வரை காத்திருந்தேன். அரை மணி நேரம் நின்றால் நாம் அங்கே இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு விழுகிற படம்தான் படம்.

கொச்சியில் மட்டாஞ்சேரி யூதர் தெருவுக்குப் போனேன். 1568-ல் கட்டிய ஜெப ஆலயம் அங்கே இருக்கிறது. தெருவின் இரண்டு பக்கமும் மசாலா கிடங்குகளாக இருந்தவற்றில் பல இன்றைக்குப் பழம்பொருள் கடைகள். ஒரு கடைக்குள் நுழைந்ததும் திகைத்து நின்றுவிட்டேன். செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள், எல்லாம் பர்மா தேக்கு, வரிசையாகச் சுவரில் சாய்ந்து கிடந்தன. ஒரு தூணில் இடுப்புயரத்தில் எண்ணெய் ஏறிக் கறுத்து வழுவழுவென்று இருந்தது. யாரோ ஒருவர் தினமும் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் வருஷச் சட்டம் விடாது என்று கடைக்காரர் விளக்கினார். காரைக்குடியிலிருந்து கொச்சிக்குக் கொண்டுவர எந்தத் தடையும் இல்லையே. அங்கே இரண்டு படம்தான் எடுத்தேன், மனசு ஓடவில்லை.

அப்புறம் பம்பாய். சோர் பஜாரில் மட்டன் தெரு என்று ஒரு தெரு, பழம்பொருள் கடைகள் எல்லாம் அதில்தான். வெள்ளிக்கிழமை கடைகளை அடைத்துவிடுவார்கள், அன்றைக்கு மட்டும் விடியற்காலையிலிருந்தே நடைபாதைச் சந்தை. முதலில் இதற்கு ஷோர் பஜார், அதாவது சத்தச் சந்தை என்று பெயர், வெள்ளைக்காரன் வாயில் அது சோர் ஆகி, திருட்டுச் சந்தை ஆகிவிட்டது என்று அங்கே கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, சத்தம் மட்டும் நிஜம். கிராமபோன் குழாய், கப்பல் விளக்கு, பழைய இந்திப் பட போஸ்டர், ஒற்றைக் கைப்பிடி இல்லாத பீங்கான் கோப்பை என்று தெரு முழுக்க சாமான்.

சனிக்கிழமை ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தேன். வயசான சாயபு, என் அரைகுறை இந்தியைப் பொறுமையாகக் கேட்டார். பழைய போட்டோ இருக்கிறதா என்றதும் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு தகர டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டார். மேலே சுவரில் தேக்கு பிரேம்கள் தொங்கின, எல்லாம் காலி. முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டுவதற்காகத்தான் பிரேமை வாங்குகிறார்களாம். உள்ளே இருக்கிற படத்தை உருவி இந்தப் பெட்டியில் போட்டுவிடுகிறார். பிரேம் மூவாயிரம் ரூபாய். படம் நூற்றைம்பது.

பெட்டியில் இருநூறு படமாவது இருக்கும். பார்சி கல்யாணம், கோவாக்காரர்கள் மாதா கோயில் வாசலில் நிற்பது, சைக்கிளோடு ஒரு குஜராத்திப் பையன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு படத்தில் நின்றுவிட்டேன்.

நாற்காலியில் ஒரு வயசான ஆச்சி. இரண்டு கையையும் முட்டியின்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார். தண்டட்டி போட்டு வளர்த்த காது, தோளைத் தொடுகிறது. பக்கத்தில் மூன்று வயசுப் பையன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் தலையைத் திருப்பிவிட்டான் போல, அவனுக்கு மட்டும் முகம் இரண்டாகத் தெரிகிறது. பின்னால் படிக்கட்டும் பூ ஜாடியும் வரைந்த திரைச்சீலை. ஆனால் சீலை தரை வரை வரவில்லை மாப்ளே. அது முடிகிற இடத்துக்குக் கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை தெரிகிறது. வெளிச்சம் மேலே இடது பக்கத்திலிருந்து இறங்குகிறது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆச்சி ஸ்டூடியோவுக்கு வரமாட்டேன் என்றிருப்பார். போட்டோக்காரர் சீலையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய், முற்றத்தைச் சுற்றியிருக்கிற வளவில் மாட்டி, அந்த முற்றத்து வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார். அட்டையின் அடியில் காரைக்குடி என்று மட்டும் பொறித்திருக்கிறது, ஸ்டூடியோ பெயர் இருந்த பகுதி கிழிந்துபோயிற்று.

வலது கீழ் மூலையில் பழுப்பாக ஒரு கறை. அதைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான். படத்தை நிலைநிறுத்துகிற ஹைப்போ மருந்து சரியாகப் போகவில்லை, அலசினது போதவில்லை. கோடையில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில்கூட நீ குடத்தில் சுமந்துவந்து ஒரு மணி நேரம் பிரிண்ட்டை அலசுவாய். கஸ்டமர் வெளியே நிற்கிறார், போதும் விடு என்று நான் கத்துவேன். இந்தப் படம் அவங்க பேரன் பார்க்கணும்டா என்பாய் நீ. அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு அதை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. நீதான் சரி. இத்தனை வருஷம் கழித்தாவது அதை எழுதிச் சொல்லிவிடுகிறேன்.

படத்தைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் நாலே சொல். 'பெரிய ஆச்சி. தம்பி குட்டி.' அவ்வளவுதான். ஊர், பெயர், வருஷம் எதுவும் இல்லை. எழுதினவருக்கு அது தேவைப்படவில்லை. அந்த வீட்டில் பெரிய ஆச்சி யார் என்று எல்லோருக்கும் தெரியும், தம்பி யார் என்றும் தெரியும். அந்தச் சுவரில் மாட்டியிருக்கிற வரைக்கும் அந்த நாலு சொல் போதும். தூண்களோடு லாரியில் ஏறி பம்பாய் வந்த பிறகுதான் போதாமல் போய்விட்டது.

நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். பேரம் பேசவில்லை.

கல்கத்தாவைப் பற்றி நிறைய எழுதலாம், நேரில் சொல்கிறேன். ஹௌரா பாலத்துக்கு அடியில் மல்லிக் காட் பூச்சந்தைக்கு மூன்று நாள் விடியற்காலை போனேன். நம் மாட்டுத்தாவணியில் மல்லியை உதிரியாக நிறுத்துப் போடுகிறோம் அல்லவா? அங்கே செவ்வந்திக்குப் பதில் துலுக்கச் சாமந்தி, அதுவும் மாலையாகக் கட்டியே கயிறு கயிறாக வருகிறது. சுமைக்காரர்கள் அதைத் தலையிலும் தோளிலும் சுற்றிக்கொண்டு ஆற்றுப் படிக்கட்டில் ஏறுகிறார்கள். கறுப்பு வெள்ளையில் அந்த மஞ்சளும் ஆரஞ்சும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறமாகிவிடும், அதனால் நிறத்தை விட்டுவிட்டு எடையைப் பிடிக்கப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்து நிற்கிற ஒரு படம் வந்திருக்கிறது. நீ பார்க்க வேண்டும்.

நம் முதலாளி வாய்க்கு வாய் சொல்வாரே, போர்ன் அண்ட் ஷெப்பர்ட், 1911 டில்லி தர்பாரைப் படமெடுத்த கம்பெனி, அந்தக் கட்டிடத்தையும் தேடிப் போய்ப் பார்த்தேன். 1991-ல் தீ விபத்தில் அவர்களுடைய பழைய நெகட்டிவ்கள் ஏராளமாக எரிந்துபோயின. 2016-ல் கடையையும் மூடிவிட்டார்கள். எதிர்ப் பக்கம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். முதலாளி இருந்திருந்தால் அவர் கையில் கொடுத்திருப்பேன்.

ஊர் திரும்பின மூன்றாம் நாளே காரைக்குடிக்கு பஸ் ஏறினேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றுவிடாமல் ஆச்சி படத்தைக் காட்டினேன். எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். "ஆச்சி இல்லாத வீடு எதுங்க இங்க?" என்றார் ஒருவர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடித்தேடி டிஜிட்டல் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள், அவர்களிடம் காட்டச் சொல்லி மகன் சொல்கிறான். அடுத்த மாதம் போகலாம் என்றிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் நெகட்டிவ் நாலு டிரங்குப் பெட்டி ஸ்டூடியோ மாடியில் கிடக்கிறது இல்லையா? திறந்தேன். இரண்டாவது பெட்டியில் வினிகர் வாடை. அர்த்தம் உனக்குத் தெரியும், பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெட்டியை மட்டும் தனியாகப் பிரித்து வைத்துவிட்டேன், மகன் ஸ்கேன் எடுக்கத் தொடங்கிவிட்டான். கவர்மேல் நம்பர் எல்லாம் உன் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் நம்பருக்குப் பெயர் எழுதிய பில் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது, ஒன்றுகூட மிஞ்சவில்லை. நம்பர் 2140 யாருடைய கல்யாணம்? எனக்குத் தெரியவில்லை. நானே எடுத்த படம், முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, பெயர் வரவில்லை. உனக்கு வரும். வரிசை கட்டும்போது நீதானே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவாய்.

பொங்கல் முடிந்ததும் ஸ்கேன் எடுத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு தென்காசிக்கு வருகிறேன், ஒரு வாரம் தங்குகிறேன். நீ பெயரைச் சொல்லு, நான் எழுதுகிறேன். மூட்டு வலி இருந்தால் படுத்துக்கொண்டே சொல்லலாம்.

அதற்கு முன்னால் இதோடு ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன். 1983, பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு எடுத்தது. இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவது பையன், சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கிறான், அவனுக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை. அவன் யார்? தெரிந்த பெயரையெல்லாம் பின்னால் எழுதி, இந்தக் கடிதம் கிடைத்ததும் தபாலில் அனுப்பு. பழைய மாதிரி போட்டோ பேப்பரில்தான் பிரிண்ட் போட்டிருக்கிறேன், பின்பக்கம் பென்சில் பிடிக்கும். பால்பாயின்ட் வேண்டாம், முகத்தில் தடம் விழும். அப்பா பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய கூட்டாளி

பி.கு. பிரிண்ட்டை ஒரு மணி நேரம் அலசினேன்.