ஜல்லியை இறக்கிய இடத்திலேயே அளந்து பாருங்கள்

ஊராட்சி, பேரூராட்சிச் சாலைப் பணிகளை மேற்பார்வையிடும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். கட்டுமானப் பொருள் சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒரு கோரிக்கை. லாரியில் வந்து இறங்கும் ஜல்லியின் வடிவத்தை, கொட்டிய குவியலிலிருந்தே அள்ளி, உங்கள் முன்னிலையில் சோதிக்கச் செய்யுங்கள்.

கல்லின் வலுவைப் பார்க்கத் தவறுவதில்லை. நம் ஊர்க் கருங்கல்லும் அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் எவ்வளவு கெட்டியான கல்லானாலும் சில்லு சில்லாக வந்தால், ரோலர் ஏறியதும் நடுவில் முறியும். முறிந்த முகத்தில் தார் இருக்காது. மழைத்தண்ணீர் அங்கேதான் இறங்கும். கான்கிரீட்டில் தட்டைக்கல் படுத்துக்கொள்ளும். மேலேறி வரும் நீர் அதன் அடியில் தேங்கி, காய்ந்ததும் வெற்றிடமாகிவிடும். கலவையும் லேசில் இழுபடாது. கொத்தனார் இன்னொரு வாளி தண்ணீர் கேட்பார். அவரைத் திட்டிப் பயனில்லை, கோளாறு கல்லில்.

சோதனைக்கு மின்சாரம்கூட வேண்டாம். 20 மி.மீ. சல்லடையில் இறங்கி 16 மி.மீ. சல்லடையில் நின்ற கல்லில் குறைந்தது 200 எடுங்கள். தடிமன் அளக்கும் தகட்டில் 10.8 மி.மீ. அகலமுள்ள இடுக்கில் எப்படித் திருப்பியாவது நுழைந்துவிடும் கல் தட்டை. அவற்றை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் நீள அளவியில் வையுங்கள், 32.4 மி.மீ. இடைவெளியில் அடங்காதது நீளக்கல். மற்ற அளவுகளுக்கும் இதே முறைதான், இடுக்கு மட்டும் மாறும். முதலில் தட்டையை ஒதுக்காமல் இரண்டையும் தனித்தனியே பார்த்துக் கூட்டினால், தட்டையாகவும் நீளமாகவும் இருக்கும் கல் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். இந்தத் தவறு அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. இரண்டும் சேர்ந்த சதவீதம் தார்ச்சாலைக்கு 35-ஐத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு. கான்கிரீட் ஜல்லிக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383 (2016) வைத்திருக்கும் வரம்பு 40.

எங்களிடம் சாக்கில் வரும் மாதிரி பல நேரம் பொறுக்கி எடுத்ததுபோல் அழகாக இருக்கிறது. அதே வேலையின் குவியலில் கையை விட்டால் ஓட்டாஞ்சில்லு மாதிரிக் கல் வருகிறது. அந்தச் சாக்குக்கு நாங்கள் தரும் சான்று, சாலையில் கிடக்கும் கல்லுக்குச் சான்றாகாது.

கிரஷர்காரர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு தகடுகளுக்கு நடுவே கல்லை நெரிக்கும் ஜா கிரஷர் ஒன்றிலேயே பெரிய கல்லை ஒரே மூச்சில் சின்னதாக்கினால், தேய்ந்த தகட்டோடு ஓட்டினால், தட்டைக்கல் வரத்தான் செய்யும். வி.எஸ்.ஐ. என்ற, கல்லை வேகமாக வீசி மோதவிட்டு வடிவாக்கும் இயந்திரம் போட்டு உருட்டித் திரட்டிய கல் தருபவருக்குச் செலவு கூடுதல். வடிவத்தை யாருமே பார்க்காதபோது அவர் விலையில் தோற்றுப்போகிறார். நீங்கள் அளக்க ஆரம்பித்தால்தான் அவருக்கு நியாயம் கிடைக்கும்.

குவியலின் அடி, நடு, மேல் மூன்றிலிருந்தும் அள்ளச் சொல்லுங்கள். நன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தை எடுக்கச் சொல்லுங்கள். மாதிரி எடுத்த இடத்தையும் லாரி எண்ணையும் அறிக்கையில் எழுத வையுங்கள். வரம்பு மீறினால், கல் விரிப்பதற்கு முன்பே அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சோதனைக் கூடப் பணியாளர் ஒருவன்