எர்ட்மனின் பிரதி பிழைத்தது, மேயர்ஹோல்டின் நாடகம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்டாலின் காலத்து நாடக மேடை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தகவல்களில் குறையில்லை. எவ்வளவு அடக்கியும் கலை பிழைத்துக்கொண்டது என்று முடித்திருந்ததுதான் உறுத்தியது.

நான் இருபத்தாறு வருடம் நாடகங்களுக்கு பிராம்ப்டராக இருந்தவன். சைடு விங்கில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. என் பிரதிகளில் வசனத்தைவிடப் பென்சில் கிறுக்கல்தான் அதிகம்: இங்கே நான்கு நொடி மௌனம், இங்கே திரும்பாமல் பேச வேண்டும், இங்கே சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அச்சுப் புத்தகத்தில் இதெல்லாம் வராது.

ரஷ்ய நாடகாசிரியர் எர்ட்மனின் 'தற்கொலை' நாடகத்தை இயக்குநர் மேயர்ஹோல்டு மாஸ்கோவில் ஒத்திகை பார்த்தார். 1932-இல் கம்யூனிஸ்ட் கட்சிப் பெரிய மனிதர்கள் வந்து பார்த்தார்கள், தடை விழுந்தது. பிரதி தப்பி, 1969-இல் ஸ்வீடனில் முதன்முதலாக மேடையேறியது. சரி, எழுத்து 37 வருடம் தாக்குப்பிடித்தது. மேயர்ஹோல்டு உருவாக்கிய 'தற்கொலை' எங்கே? அதற்கு டிக்கெட் வாங்கிப் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

1938 ஜனவரியில் மேயர்ஹோல்டின் தியேட்டரை மூடினார்கள். மறுவருடம் கைது. 65 வயதுக்காரரைக் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்காலிலும் முதுகிலும் ரப்பர் பட்டையால் அடித்ததை அவரே சோவியத் பிரதமர் மொலோட்டோவுக்கு எழுதியிருக்கிறார். 1940 பிப்ரவரி 2 அன்று சுட்டுக் கொன்றார்கள்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று. அவருடைய காகிதங்களை வளர்ப்பு மகள் ஐஸன்ஸ்டைனிடம் சேர்ப்பித்தார். மேயர்ஹோல்டிடம் பாடம் கற்ற அந்தத் திரைப்பட இயக்குநர் அவற்றைத் தன் புறநகர் வீட்டில் ஒளித்து வைத்தார். மாட்டியிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும்! அந்தத் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் குறிப்பை வைத்துக்கொண்டு நாடகத்தை எழுப்பிவிட முடியாது. என் பழைய பிரதி ஒன்றில் நான் போட்ட வட்டம் எதற்கென்று இன்றைக்கு எனக்கே விளங்கவில்லை.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரத்துக் கதை வேறு. மேடையேற விடாமல் ஒதுக்கப்பட்ட நடிகை வ்லாஸ்டா ஹ்ரமோஸ்டோவா, 1978-இல் தன் வீட்டு அறையிலேயே ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நடித்தார். நாடகாசிரியர் பவல் கொஹவுட் சுருக்கிக் கொடுத்த வடிவம், ஐந்தே நடிகர்கள். அதைப் பிழைத்த நாடகம் என்று தாராளமாகச் சொல்லலாம். கட்டுரையாளர் அடுத்து அதைப் பற்றி எழுதட்டும். அந்த அறையில் பிராம்ப்டர் நிற்க இடம் இருந்ததா என்பதையும் விசாரித்து எழுதினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிராம்ப்டர் ஒருவர்